ஏடு எச்சரித்தது, நாடு விழித்ததா?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

சுற்றுச்சூழல் காக்கும் போரில் ஏடுகளின் பங்கு என்பது எனக்கு இடப்பட்டுள்ள தலைப்பு. பேராசிரியர் ஒருவரிடம் இதனைத் தந்திருந்தால் பெருநூல்கள் பத்துடன் வந்திருப்பார். நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, மீதியைப் படிப்பகத்தில் தேடியவன். ஆகவே படிப்பகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மேசை, இரண்டு விசிப்பலகை, சுவரிலே தலைவர்களின் படம், காலையில் வந்து விழும் ஏடு ஒன்றே ஒன்று. எழுத்தறிந்த ஒருவர் அதனை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் செவிசாய்த்துக் கேட்பர். அந்தப் பத்துப் பேரும் வயலுக்கும் தறிக்கும் சந்தைக்கும் அச்செய்தியைச் சுமந்து செல்வர். மாலை மயங்குமுன் ஊரே அறிந்திருக்கும். அச்சிட்டது ஒரு தாள். பேசியதோ ஓராயிரம் நாக்கு! இப்படித்தான் இந்த நாட்டிலே ஓர் இயக்கம் வளர்ந்தது. முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் பல்கலைக்கழகங்களாயின.

ஏட்டிலே அச்சானதால் மட்டும் ஒரு செய்தி உயிர் பெறுவதில்லை. எடுத்துச் செல்ல ஆள் இருந்தால்தான் உயிர் பெறுகிறது. இன்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். இதை மெய்ப்பிக்க இரண்டு ஊர்களுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். ஒன்று ஓங்கி வளர்ந்த காடு. மற்றொன்று உறங்கிக் கிடந்த நகரம். இரண்டின் விதியும் முடிவானது ஒரே ஆண்டில், 1984இல். நவம்பர் 15ஆம் நாள் காடு பிழைத்தது. அதற்குப் பதினேழு நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், நகரம் மாண்டது. இரண்டுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டிருந்தது. ஒரு மணியோசை கேட்கப்பட்டது, மற்றொன்று கேட்கப்படவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் நகரத்துக்குச் செல்வோம்.

போபால்! மத்தியப் பிரதேசத்தின் தலைநகர். ஏரிகள் சூழ்ந்த எழில் நகர். அங்கே அமெரிக்க நிறுவனமாகிய யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றை நடத்தி வந்தது. அந்த மருந்தைச் செய்வதற்காக மெத்தில் ஐசோசயனேட் என்னும் கொடிய நச்சுப் பொருளைத் தொட்டிகளிலே தேக்கி வைத்திருந்தது. ஆலையின் சுவரை ஒட்டி ஏழைகளின் குடிசைகள். பணக்காரர் மாளிகைக்குப் பக்கத்தில் நச்சுத் தொட்டி வைத்த வரலாறு உண்டா, தோழர்களே?

1981 டிசம்பரில் அந்த ஆலையில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு கசிந்து தொழிலாளி ஒருவர் மாண்டார். பெரிய ஏடுகளுக்கு அது சிறிய செய்தி. ஆனால் ஒருவருடைய உறக்கத்தை அது கெடுத்தது. அவர் பெயர் ராஜ்குமார் கேஸ்வானி. மாளிகையிலிருந்து வெளிவரும் நாளேட்டின் ஆசிரியரல்லர். 'ரபட்' என்னும் சின்னஞ்சிறு வார ஏட்டை நடத்தியவர். வேதியியல் பட்டமும் அவரிடம் இல்லை. ஆனால், இறந்தவன் ஏன் இறந்தான் என்று கேட்கும் நெஞ்சம் இருந்தது. மாதக் கணக்கிலே தேடினார். தொழிலாளரைக் கண்டார். ஆவணங்களைத் துருவினார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து தெருத்தெருவாய்ச் செல்லும் என்பதை அறிந்தார்.

1982 செப்டம்பரில் எழுதினார், இந்த நகரைக் காப்பாற்றுங்கள் என்று. அக்டோபரில் எழுதினார், போபால் எரிமலையின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று. அதே திங்களில் மீண்டும் எழுதினார், இப்போதும் உணராவிடில் அழிந்துபோவீர் என்று. முதலமைச்சருக்கு மடல் தீட்டினார். 1984 ஜூனில், 'ஜனசத்தா' என்னும் பெரிய இந்தி நாளேட்டிலும் எழுதினார். எழுதி எழுதி அவர் கை ஓய்ந்தது. ஆளவந்தாரின் செவி மட்டும் திறக்கவில்லை.

சட்டமன்றத்திலே பேச்சு எழாமலில்லை; எழுந்தது! 1982 டிசம்பரில் கேட்டார்கள். அன்றைய தொழிலாளர் துறை அமைச்சர் என்ன விடையிறுத்தார்? ஆபத்து ஏதுமில்லை, 25 கோடி ரூபாய் முதலீட்டில் எழுந்த ஆலை அது, இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதற்கு அது ஒரு சிறு கல் அன்று! இந்தப் பொருள்படச் சொன்னார். ஆம், அமைச்சரே! அது கல் அன்று. ஈராண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கானோருக்கு அதுவே கல்லறை!

அந்த இரவு வந்தது. தொட்டிக்குள் நீர் புகுந்தது. உள்ளே வெப்பம் கொதித்து எழுந்தது. குளிர வைக்கும் பொறியோ சிக்கனம் கருதி முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம் பழுது பார்ப்பதற்காகக் கழற்றிக் கிடந்தது. ஏறத்தாழ 40 டன் நஞ்சு, உறங்கும் நகரத்தின்மீது போர்வையாய் விரிந்தது. தாயின் மடியில் குழந்தை மாண்டது. குழந்தையைத் தேடிய தாய் தெருவில் மாண்டாள். பின்னர் மாநில அரசு உறுதி செய்த சாவுக் கணக்கு 3,787. உண்மைக் கணக்கு அதனினும் பன்மடங்கு என்பதே அம்மக்களின் ஓலம். ஊறுபட்டோர் 5 லட்சத்துக்கு மேல் என்பதை அரசே ஒப்புக்கொண்டது.

மறுநாள் வந்தார்கள் ஐயா, உலகத்துச் செய்தியாளர்கள்! வானூர்தியில் வந்தார்கள், கேமராவுடன் வந்தார்கள். மண்ணுக்குள் பாதி புதைந்த பச்சிளங்குழந்தையின் முகத்தைப் படம்பிடித்தார்கள். விழித்திருந்தும் ஒளியிழந்த அந்தக் கண்களை உலகமே கண்டு கண்ணீர் வடித்தது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் 1984ஆம் ஆண்டின் சிறந்த படம் என அதற்குப் பரிசும் கிடைத்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் போபாலை உலகம் ஒரே வாரத்தில் மறந்திருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்! பிணம் விழுந்தபின் வந்தவர் பல நூற்றுவர். பிணம் விழுமுன் கதறியவர் ஒருவர்! அந்த ஒருவருக்கு 1985இல் இதழியல் விருது வழங்கினார்கள். விருது கைக்கு வந்தது. ஊர் இடுகாட்டுக்குப் போயிற்று.

நீதியாவது கிடைத்ததா? 1989இல் 47 கோடி டாலரைத் தந்து கணக்கை முடித்தது நிறுவனம். 2010இல், இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின், நிறுவனத்தின் இந்திய அலுவலர்களுக்கு ஈராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கத் தலைவர் ஆண்டர்சனோ 1984 டிசம்பரில் கைதானார், பிணையில் வெளிவந்தார், பறந்து போனார், விசாரணைக்குத் திரும்பாமலே 2014இல் மறைந்தார். ஆலை வளாகத்தில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன்னை 2025 சனவரியில்தான் அகற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள்? அதே மாநிலத்துப் பீதாம்பூருக்கு, எரிப்பதற்காக. அந்த ஊர் மக்கள் தெருவுக்கு வந்து அழுதார்கள். ஓர் ஏழையின் வாசலில் இருந்த நஞ்சு, இன்னோர் ஏழையின் வாசலுக்குப் போனது. கேஸ்வானியும் 2021இல் மறைந்தார்.

இப்போது காட்டுக்குச் செல்வோம். நெடுந்தொலைவு இல்லை, கோவையிலிருந்து மேற்கே எட்டிப் பார்த்தால் தெரியும் மலைத்தொடர்தான். பாலக்காடு மாவட்டத்திலே அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழை என்னும் ஆறு அங்கே ஓடுகிறது. குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுப்பது என்று கேரள மின் வாரியம் திட்டம் தீட்டியது. அணை எழுந்தால் ஏறத்தாழ 830 ஹெக்டேர் மழைக்காடு நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கின் குலத்துக்குப் பெருங்கேடு சூழும்.

மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்? கேரளத்தில் கட்சிகள் பலவும் அணையை ஆதரித்தன. குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்று கேலி பேசினார்கள். அந்தச் சூழலில் எம்.கே. பிரசாத் என்னும் தாவரவியல் பேராசிரியர், 'சாஸ்திரகதி' என்னும் அறிவியல் இதழிலே ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் கேஸ்வானியின் ஏட்டைப் போன்றே பெரும் விற்பனை இல்லாத இதழ்தான்!

பின்னே, வேறுபாடு எங்கே பிறந்தது? அந்த இதழுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்று பெயர், 1962இல் தொடங்கியது. அறிவியலைத் தாய்மொழியில் தெருவுக்குக் கொண்டு வருவதே அதன் வேலை. ஊர்தோறும் கிளை; கிளைதோறும் ஆசிரியர்கள், மாணவர்கள். கட்டுரை துண்டு வெளியீடாயிற்று. துண்டு வெளியீடு கூட்டமாயிற்று. கூட்டம் ஊர்வலமாயிற்று. பள்ளி ஆசிரியர்கள் நாடகம் போட்டார்கள். மாணவர்கள் பாட்டுப் பாடினார்கள். நாடகம் எழுதும் நான் இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்வதை மறைக்க விரும்பவில்லை! மின் வாரியத்தின் கணக்குக்கு எதிர்க்கணக்கும் போட்டார்கள். எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், வேறு எவ்வழியில் அதைப் பெறலாம், இழப்பு எவ்வளவு என்று ஆராய்ந்து 1979இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

அப்பொழுது கவிஞர்கள் எழுந்தார்கள். சுகதகுமாரி வந்தார், ஓ.என்.வி. குறுப்பு வந்தார்; வைக்கம் முகம்மது பஷீர் வந்தார். மரத்தை வாழ்த்திக் கவிதை பிறந்தது. கூட்டங்களில் அது முழங்கியது. பறவையியல் அறிஞர் சலீம் அலியும் வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதனும் குரல் கொடுத்தார்கள். செய்தி கேரளத்தைக் கடந்தது, தில்லியை எட்டியது, உலகத்தைத் தொட்டது. எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று.

தோழர்களே! இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு சிறு ஏடு. இங்கேயும் ஒரு சிறு ஏடு. அங்கே எழுதியவரும் வாய்மையாளர். இங்கே எழுதியவரும் வாய்மையாளர். ஆனால் போபாலில் எழுத்து தாளிலேயே தங்கிற்று. கேரளத்தில் எழுத்து காலெடுத்து நடந்தது. போபால் ஆலைத் தொழிலாளர்களும் சுவரொட்டி ஒட்டி எச்சரித்தார்கள். ஆனால் சங்கம் ஒருபுறம், ஏடு ஒருபுறம், நகர மக்கள் ஒருபுறம் என்று நின்றார்கள்; மூன்றும் ஒரு முழக்கமாகவில்லை. ஏடு மணி என்றால் இயக்கம் அதன் நாக்கு! நாக்கில்லாத மணியை எவ்வளவு ஆட்டினாலும் ஓசை எழாது.

இங்கே ஒரு நண்பர் எழுந்து கேட்கக்கூடும்: "ஆலை வேண்டும், அணை வேண்டும் என்று கேட்டவர்கள்தாமே நாம்? வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று ஊர் ஊராய் முழங்கியதும், சேலத்துக்கு உருக்காலை கேட்டு 1967இல் எழுச்சி நாள் நடத்தியதும் இந்தத் தமிழ்நாடுதானே?"

நல்ல கேள்வி. நாணத்தோடல்ல, நிமிர்ந்தே விடை சொல்வேன். ஆலை கேட்டோம், இன்றும் கேட்போம்! எங்கள் இளைஞனுக்கு வேலை வேண்டும் என்பதற்காகக் கேட்டோம். அவன் நுரையீரலை விலையாகத் தருகிறோம் என்று சொல்லிக் கேட்கவில்லை. விளக்கு வேண்டும் என்றோம். வீட்டைக் கொளுத்தி வெளிச்சம் காட்டு என்று சொன்னோமா? அமெரிக்காவில் செய்யத் துணியாத சிக்கனத்தைப் போபாலில் செய்தார்கள். குளிர் பொறியை நிறுத்தினார்கள். முன்னேற்றம் என்று அதற்குப் பெயர் சூட்டுவீர்களா? ஏழையின் உயிரை மலிவாக மதித்த ஆதிக்க மனப்பான்மை அது! ஆதிக்கம் எவ்வடிவில் வந்தாலும் எதிர்ப்பதுதானே நம் பிறவிக் குணம்?

சரி, இன்றைய ஏடுகளின் நிலை என்ன? ஏடு நடத்தக் காசு வேண்டும். காசு விளம்பரத்தில் வருகிறது. விளம்பரம் ஆலை முதலாளியிடமிருந்து வருகிறது. முதற்பக்கத்தில் அவர் விளம்பரம் முழுப்பக்கம். அவர் ஆலைக் கழிவு ஆற்றில் கலந்த செய்தி உள்பக்கத்து மூலையில் மூன்று வரி! இது இங்கு மட்டுமுள்ள நோயன்று. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார், பூச்சிக்கொல்லிகள் மண்ணையும் பறவையையும் கொல்வதை 1962இல் எழுதினார். 1963 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதனை ஒளிபரப்ப முனைந்தபோது, விளம்பரம் தந்தவர்களில் சிலர் விலகிக்கொண்டார்கள். ஆயினும் ஒளிபரப்பினார்கள். 1972இல் டி.டி.டி. மருந்தை வேளாண்மையில் பயன்படுத்த அந்நாட்டில் தடை வந்தது. துணிந்த ஏடு தோற்பதில்லை. துணை நிற்கும் மக்கள் இருந்தால்!

நம் நாட்டுக்கே வருவோம். கொடைக்கானலிலே பாதரச வெப்பமானி செய்யும் ஆலை இருந்தது. இந்துஸ்தான் லீவருக்கு உரியது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, பழைய பொருள் கடையில் குவிந்து கிடப்பதை ஊராரும் தொண்டர்களும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்தினார்கள். செய்தி பரவியது, ஆலை மூடப்பட்டது. ஆனால் தொழிலாளரின் உடலில் ஏறிய பாதரசத்துக்கு ஈடு எங்கே? ஆண்டுகள் ஓடின. 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் இளம்பெண் ஒரு பாடலைப் பாடி இணையத்தில் விட்டார். லட்சக்கணக்கானோர் கண்டார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டும் அதைச் செய்ததா? இல்லை. பதினைந்தாண்டுக் காலம் மனுவோடும் வழக்கோடும் நடந்த அந்தத் தொழிலாளரின் கால்கள் முதலில். பாட்டு அந்தக் கால்களுக்குக் கிடைத்த பறை!

இணையம் அத்தனை வலிமை உடையதா என்று ஐயுறுவோர் தூத்துக்குடியை நினைத்துக்கொள்ளட்டும். 2018 மே 22ஆம் நாள், தாமிர உருக்காலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மீது துப்பாக்கி பாய்ந்தது, மறுநாளும் வெடித்தது, 13 உயிர்கள் பறிபோயின. உடனே என்ன செய்தார்கள்? தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். செய்திக்கு வலிமை இல்லையென்றால் அதன் கழுத்தை நெரிப்பானேன்?

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். நம் கட்சி ஏட்டில் அச்சாகப் போகும் பேச்சு என்பதாலேயே சொல்கிறேன். மாற்றார் ஆண்டால் மாசு. நாம் ஆண்டால் வெறும் தூசு என்று சொல்லலாமா? ஆற்று மணலை அள்ளுகிறவன் எதிர்க்கட்சிக்காரனாக இருந்தால் எட்டுப் பத்தித் தலைப்பு. நம் வட்டத்துக்காரனாக இருந்தால் எட்டாத மௌனம் என்று இருக்கலாமா? நச்சுக்காற்று உறுப்பினர் அட்டையைப் பார்த்துவிட்டு மூக்கில் நுழைவதில்லை, தோழர்களே! போபாலில் மூச்சுத் திணறியவர்களிலே ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அமைச்சரின் காதுக்கு இனிப்பதை மட்டும் எழுதும் ஏடு, அமைச்சருக்கும் நண்பனன்று. 1982இலேயே அந்த அமைச்சரின் சொந்தக் கட்சித் தொண்டர் நூறு பேர் கேஸ்வானியின் ஏட்டைக் கையிலேந்தி அவர் வாயிலில் நின்றிருந்தால், அவர் கல்லைப் பற்றிப் பேசியிருப்பாரா? கழகம் நம் குடும்பம் என்கிறோம். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் கூவ வேண்டியவன் வீட்டுக்காரன்தானே!

என்ன செய்யலாம்? கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதற்காக நாம் கூடவில்லை. செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

போபாலுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2006இல் வந்த அறிவிக்கை சொல்கிறது: பெரிய ஆலையோ சுரங்கமோ வருமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், அதற்கு 30 நாளாவது முன்னதாக ஏடுகளில், வட்டார மொழி ஏடு ஒன்றிலும் சேர்த்து, விளம்பரம் செய்ய வேண்டும். சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. ஆயினும் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் முறை. திரைப்பட விளம்பரத்துக்கும் திருமண அறிவிப்புக்கும் இடையில், பொடி எழுத்தில், உங்கள் ஊரின் தலையெழுத்து அச்சாகிறது! அதைத் தேடிப் படிக்க ஒரு தோழரைப் படிப்பகந்தோறும் அமர்த்துங்கள். கண்டவுடன் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். திட்டத்தின் ஆய்வறிக்கைச் சுருக்கம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கும், சென்று கேளுங்கள், உழவருக்கும் மீனவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். விளங்காத பகுதியை அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். கேட்பது மறுக்கப்பட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உண்மையை மிகைப்படுத்தாதீர்கள். கேஸ்வானி ஆவணத்தோடு எழுதினார். பரிஷத்தார் கணக்கோடு பேசினார்கள். கைப்பேசியில் வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பரப்பினால், ஒரு பொய் பிடிபடும் நாளில் நூறு மெய்யும் மதிப்பிழக்கும். புகைப்படம் எடுத்தால் நாளும் இடமும் குறியுங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

தோழர்களே! எங்கோ ஒரு சிற்றூரில், சிற்றேட்டில், பெயர் தெரியாத ஒருவன் இந்த இரவிலும் எழுதிக்கொண்டிருப்பான்: எங்கள் கிணற்று நீர் நிறம் மாறுகிறது, எங்கள் குழந்தைகள் இருமுகிறார்கள் என்று. அவன் இன்னொரு கேஸ்வானி ஆவானா, இன்னொரு பிரசாத் ஆவானா? அதை முடிவு செய்வது அவன் பேனா அன்று. அதைப் படிக்கும் உங்கள் கால்கள்! அவனுக்கு இறந்தவர்களின் பெயரால் விருது வேண்டாம். இருப்பவர்கள் துணையாக வந்தால் போதும். நாளைக் காலை ஏட்டை விரியுங்கள். ஓரத்துச் செய்தியிலிருந்து படியுங்கள். படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்!